மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன்: ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும், எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டரை வயது. அழும்போதும் முக்கும்போதும் வலது தொடையிடுக்கில் வீக்கம் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கணவர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் கரையில் இருப்பார், அதுவரை தள்ளலாமா? தானாகவே சரியாகிவிடும் என்று மாமியார் சொல்வது உண்மையா? தியேட்டருக்குள் கூட விடுவார்களா? மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா? பிள்ளையிடம் என்ன சொல்வது? ஏற்கெனவே இதைக் கடந்து வந்த பெற்றோருக்கு ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தது என்றும் கேட்கிறார்.

குழந்தைகள் அறுவை வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் தொண்டிப் பக்கம். நம் கடற்கரையிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய் தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மாமியார் சொல்வது. தொப்புள் துருத்திக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக உள்ளே போய்விடும். அதன்மேல் காசை வைத்துக் கட்டி, காசுதான் சரிசெய்தது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் உண்டு. விதைப்பையில் வெறும் நீர் கோத்திருந்தாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் அனேகமாக வற்றிவிடும். மாமியார் பார்த்தது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தொடையிடுக்கில் இறங்குவது வேறு. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்குகிறது. அது வந்த வழியில் மெல்லிய பை ஒன்றும் கூடவே இறங்கும். பிறக்கிற சமயத்தில் சுருக்குப்பையின் வாயைப்போல அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றுவிட்டால் அந்த வழியாகக் குடல் இறங்கும். பிள்ளையை அழவிட்டாய், அதனால்தான் இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த வழி அவன் பிறக்கும்போதே இருந்தது. கட்டுப் போட்டோ எண்ணெய் தடவியோ அதை மூட முடியாது. பையின் கழுத்தைக் கட்டிவிடுவதுதான் ஆபரேஷன். சின்னக் கீறல், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேர வேலை. தையலும் பெரும்பாலும் தானாகக் கரைகிற நூலில்தான் போடுவார்கள்.

அடுத்து தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். காதுகுத்து, கல்யாணம், வீட்டுக் கூரை வேலை எல்லாமே நம் ஊர்களில் அந்த நாட்களில்தான் வந்து விழும். பிள்ளையின் ஆபரேஷனையும் அங்கேயே கொண்டு போய் வைக்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் குடலிறக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. இறங்கிய குடல் அங்கேயே சிக்கி, ரத்த ஓட்டம் தடைபடலாம். கைக்குழந்தைகளுக்கு, முக்கியமாக ஒரு வயதுக்குள், இது அதிகம். உங்கள் மகன் வயதில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. சில வாரம் பொறுப்பது வேறு, கணவர் கரைக்கு வர வேண்டும் என்பதற்காக மாதக்கணக்கில் தள்ளுவது வேறு. அறுவை மருத்துவரிடமே, "எத்தனை வாரம் வரைக்கும் பொறுக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் வீக்கம் கல்லுமாதிரி கெட்டியாகி, படுக்கவைத்தாலும் உள்ளே போகாமல், பிள்ளை விடாமல் அழுது வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மதுரைக்கு நேராக ஓடாமல், வழியில் இருக்கும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். போகிற வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

கணவர் இல்லாமல் கையெழுத்து போட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பெண்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். தாயின் கையெழுத்து ஒன்றே போதும். கணவர் கடலில் இருந்தாலும், எல்லை தாண்டினார் என்று இலங்கையில் பிடித்து வைத்திருந்தாலும், கீழக்கரை, தேவிபட்டினம் ஆட்களைப்போல வளைகுடாவில் வேலையில் இருந்தாலும், பெற்ற தாய் போடும் ஒப்புதல் முழு ஒப்புதல்தான். "வீட்டுக்காரர் வரட்டும்மா" என்று யாராவது சொன்னால், "நான்தான் அம்மா, நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழில் உள்ள ஒப்புதல் படிவத்தைக் கேளுங்கள். படிக்க வராதென்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஆபரேஷன், வலதா இடதா என்று அதில் எழுதியிருக்கும். அதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இனி, மற்ற பெற்றோருக்கு எப்படி இருந்தது என்ற கேள்வி. இதற்குத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

வார்டில் அழுத தாய்மாரில் பாதிப்பேர் பிள்ளைக்கு ஆபத்து என்பதால் அழவில்லை. என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லாததால் அழுதார்கள். பிரிட்டனில் 1950-கள் வரைக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளையைப் பார்க்கப் பெற்றோருக்குக் கொஞ்ச நேரம்தான் அனுமதி. வாரத்துக்கு ஒரு தடவைதான் என்ற ஆஸ்பத்திரிகளும் இருந்தன. 1959-இல் ஹாரி பிளாட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் தலைமையிலான குழு, பெற்றோரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அனுமதிக்க வேண்டும், சின்னக் குழந்தையோடு தாயும் தங்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் அங்கே மெல்ல மாறியது. நம் ஊரில் அந்தச் சிக்கல் பெரிதாக இருந்ததில்லை. தாய் கட்டிலிலேயே பிள்ளையோடு படுத்துக்கொள்வாள். துணி மாற்றுவது, ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்தால் ஓடிவந்து சொல்வது, ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டு போவது எல்லாம் அவள் கையால்தான் நடக்கும். அவ்வளவு வேலையையும் வாங்கிக்கொண்டு, அவளிடம் விஷயத்தைச் சொல்ல மட்டும் நேரம் இல்லை என்றால் அது அநியாயம். சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். தாய் பதறினால் பிள்ளையும் பதறும், மயக்கம் கொடுப்பதே சிரமமாகும்.

மூக்கையூரிலிருந்து வந்த ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், பின்னால் பட்ட மேற்படிப்பு டாக்டர்கள் ஏழெட்டுப் பேர். கட்டிலருகே நின்றது இரண்டு நிமிஷம். பேசியது அத்தனையும் ஆங்கிலம். இந்தப் பெண் பிள்ளையின் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரை ஒட்டி நின்றார். அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என்னைப் பார்த்து, "சிஸ்டர், பெரிய டாக்டர் தலையை ஆட்டினாரே, ஏன்?" என்றார். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் சரியாக இருக்கிறது, நாளைக்கு ஆபரேஷன் லிஸ்ட்டில் போடலாம் என்பதற்காகத்தான் அவர் தலையாட்டினார். நல்ல செய்தி. அதைத் தெரிந்துகொள்ளாமலே அவர் அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்திருப்பார்.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். ரவுண்ட்ஸ் நேரத்தில் விளக்கம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வார்டு கொஞ்சம் அமைதியாகும். அப்போது டியூட்டியில் இருக்கும் பி.ஜி. டாக்டர், அதாவது பட்ட மேற்படிப்பு டாக்டர், ஒவ்வொரு பிள்ளையின் ஃபைலிலும் எழுதிக்கொண்டிருப்பார். பிள்ளையைப் பற்றி எல்லா விவரமும் தெரிந்தவர் அவர்தான். கேட்க வேண்டியதை ஓ.பி. சீட்டின் பின்பக்கம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அவரிடம் போங்கள். எழுதியதைப் பார்த்துக் கேட்கிற தாய்க்கு அவர்கள் நின்று பதில் சொல்வார்கள். மறந்துபோனதை ராத்திரி டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் எங்களுக்கும் பேசக் கொஞ்சம் நேரம் இருக்கும்.

தகப்பன்மார் பாடு இன்னும் மோசம். பல இடங்களில் குழந்தைகள் வார்டில் ராத்திரி பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. தகப்பன் வெளியே மரத்தடியிலோ வராந்தாவிலோ துண்டை விரித்துப் படுத்திருப்பார். மருந்துச் சீட்டு, டீ, சாப்பாடு, ஜெராக்ஸ் இதற்கெல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள். டாக்டர் பேசும்போது மட்டும் அவர் அங்கே இருக்க மாட்டார். உங்கள் கணவர் வர முடிந்தால், டாக்டரிடம் பேசப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர முடியாவிட்டால், டாக்டரின் அனுமதி கேட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள். துபாயிலிருந்த ஒரு வாப்பா அப்படிக் கேட்டது, உம்மா மனசில் வைத்திருந்தும் கேட்கத் தயங்கிய கேள்வி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குக் கட்டணம் கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அதில் உள்ள சிகிச்சைகளைப் பணம் கட்டாமல் செய்துகொள்ளலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நம் பக்கத்துக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்காது. இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் மதுரைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுத்துவிடுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு அனுமதி வர ஓரிரு நாள் ஆகலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993-இல் கேட்கலாம், கட்டணமில்லை. ஆபரேஷன் முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் "சந்தோஷமா ஏதாவது" என்று கை நீட்டினால் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இந்த வழக்கம் என் மனசை எப்போதும் அறுத்திருக்கிறது. அந்த நேரத்தில் தாய் எதையும் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள்.

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைக்குத் தனித் துறை இருக்கிறது. எங்கே செய்வதாக இருந்தாலும் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். ஆபரேஷன் செய்கிறவர் குழந்தைகள் அறுவை நிபுணரா? மயக்கம் கொடுக்கிறவர் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சின்னப் பிள்ளைக்கு அதுதான் முக்கியம்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்ற பயம் எல்லாத் தாய்க்கும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றி எச்சரித்தது. அந்தச் செய்தியின் பாதிதான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஏழு நாடுகளில், சரியாக இதே குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த கைக்குழந்தைகளை வைத்தே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு முழு மயக்கம், பாதிப்பேருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி. ஐந்து வயதில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத் திறனைச் சோதித்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2019-இல் அந்த முடிவு வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஒற்றை மயக்கம் உங்கள் மகன் மூளையைக் கெடுக்கும் என்று பயப்பட வேண்டாம்.

மயக்கத்தில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியவை இரண்டு: சளியும் வயிற்றில் இருக்கும் உணவும். இரண்டுமே பெற்றோர் கையில் இருக்கின்றன.

சளி, இருமல், காய்ச்சல் இருக்கும் பிள்ளையின் மூச்சுக்குழாய் சட்டென்று இறுகிக்கொள்ளும். மயக்கத்தில் அது ஆபத்து. அதனால் இரண்டிலிருந்து நான்கு வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். விடியற்காலை பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்து, அட்மிஷன் போட்டு, ரத்தம் எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு "சளி இருக்கிறது, அடுத்த மாதம் வாங்க" என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பஸ் செலவு, கணவர் விட்ட தொழில், மாமனார் வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளை என்று எல்லாம் கண்முன் வரும். அதனாலேயே சில பேர் மூக்கைத் துடைத்துவிட்டு, இருமல் மருந்தைக் கொடுத்துக் கூட்டி வருவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதைவிட, புறப்படுவதற்கு முதல் நாள் பிள்ளைக்குச் சளி இருந்தால் ஃபோன் செய்து கேட்கலாமா என்று ஓ.பி.யிலேயே கேட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலைச்சல் மிச்சம்.

பட்டினி விஷயம் இப்படி. சோறு, பிஸ்கட், மாட்டுப்பால், பவுடர் பால் எல்லாம் மயக்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் நான்கு மணி நேரம். வெறும் தண்ணீர் அல்லது சர்க்கரைத் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரைக்கும் கொடுக்கலாம் என்பதுதான் பொதுவான விதி. ஆனால் பல வார்டுகளில் எல்லாருக்கும் சேர்த்து, "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்று சொல்லிவிடுவது வழக்கம். லிஸ்ட்டில் முதலாவதாக இருந்தால் சரி. நடுவில் ஒரு அவசர கேஸ் வந்து உங்கள் மகன் முறை மதியம் ஒரு மணிக்குத் தள்ளிப்போனால் பிள்ளை துடித்துப்போகும். முதல் நாள் ராத்திரியே கேளுங்கள்: "லிஸ்ட்டில் எத்தனையாவது? தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் கொடுக்கலாம்?" முறை தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள். அவர்கள் சொன்ன நேரத்தை மட்டும் மீறாதீர்கள். வயிற்றில் உணவு இருந்து மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பேரன் அழுவதைப் பொறுக்க முடியாமல் அப்பத்தா மடியிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்துவிட்டால் திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். சொல்லிவிட்டால் ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

தியேட்டருக்குப் போவதற்கு முன் உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். கொலுசு, காப்பு, தாயத்து, சிலுவை டாலர், அரைஞாண் கயிறு. கண் மை, நெற்றி மை, நகப்பூச்சு, மருதாணி இதெல்லாமும் வேண்டாம், விரல் நுனியில் மாட்டும் கருவி நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறது. உலோகம் ஏன் கூடாதென்றால், ரத்தம் நிறுத்த மின்சாரத்தால் சுடுகிற கருவி ஒன்றைப் பயன்படுத்துவார்கள். உலோகம் தொடும் இடத்தில் தோல் சுட்டுவிடலாம். அரைஞாண் கயிறு சரியாக ஆபரேஷன் செய்கிற இடத்துக்கு மேலேயே கிடக்கும். கடைசி நிமிஷத்தில் ஒரு நர்ஸ் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டி ட்ரேயில் போட்டபோது ஒரு தாய் அலறிய அலறல் எனக்கு மறக்காது. ஏர்வாடி தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு அது. அதற்குப் பிறகு நான் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிடுவேன்: உங்கள் கையாலேயே அவிழ்த்து, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, முந்தானையில் வைத்துக்கொள்ளுங்கள், தையல் ஆறியதும் நீங்களே கட்டிவிடலாம் என்று. எந்தச் சாமி கயிறாக இருந்தாலும் தாயே அவிழ்த்தால் மனசு அடித்துக்கொள்ளாது.

உள்ளே கூட விடுவார்களா? சில ஆஸ்பத்திரிகளில் பிள்ளை மயங்கும் வரைக்கும் தாயை உள்ளே நிற்க விடுவார்கள், பெரும்பாலான இடங்களில் தியேட்டர் கதவோடு சரி. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. இல்லை என்றால், பிரிவதற்கு முன்னால் தூக்கம் வருகிற மருந்தை வாயிலோ மூக்கிலோ கொடுப்பீர்களா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். அரை மணி நேரத்தில் பிள்ளை கிறங்கிவிடும், பிடுங்கிக்கொண்டு போவதுபோல் இருக்காது. அவன் தூக்கத்துக்குப் பிடித்துக்கொள்ளும் பழைய சேலைத்துண்டோ பொம்மையோ இருந்தால் கூட அனுப்புங்கள்.

கதவு மூடிய பிறகு கணக்கு ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் அரை மணி நேரம் என்பார்கள். பிள்ளை உங்கள் கைக்குத் திரும்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். மயக்கம் கொடுக்க, ஊசி வழி போட, முடிந்த பின் எழுப்ப, எழுந்ததைக் கவனிக்க எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். இதை யாரும் சொல்லாததால் நாற்பதாவது நிமிஷத்திலிருந்தே தாய்மார் கதவைப் பார்த்துப் பார்த்து உயிரை விடுவார்கள்.

வெளியே கொண்டுவந்த பிறகு பெற்றோர் அதிகம் பயப்படும் நேரம் ஒன்று இருக்கிறது. பிள்ளை கண்ணைத் திறக்கும், ஆனால் உங்களை அடையாளம் தெரியாததுபோல் பார்க்கும். கத்தும், உதைக்கும், தூக்கினால் இன்னும் திமிறும். இது மயக்கம் தெளிகிறபோது இந்த வயதில் சகஜமாக வருவது. கால் மணியிலிருந்து அரை மணி நேரத்தில் அடங்கிவிடும், பிறகு அவனுக்கு நினைவுகூட இருக்காது. மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கதறாதீர்கள். ட்ரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொள்ளாமல் கையைப் பிடித்தபடி, மெதுவாக அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள். வலி தெரியாமல் இருக்க முதுகின் அடியில் ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் துவளும். தொண்டை கரகரக்கும். ஒன்றிரண்டு தடவை வாந்தி வரலாம். எல்லாம் எதிர்பார்த்ததுதான். வாந்தி நிற்கவில்லை என்றால், எட்டு மணி நேரமாகியும் ஒன்றுக்குப் போகவில்லை என்றால், சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

வலிக்கு பாராசிட்டமால் எழுதுவார்கள். அழுதால் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல், முதல் இரண்டு நாள் அவர்கள் சொன்ன மணிக்குச் சரியாகக் கொடுப்பது நல்லது. அழாமல் அசையாமல் படுத்திருக்கும் பிள்ளைக்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை. காலை மடக்கி வைத்திருக்கிறானா, முகம் சுருங்குகிறதா, தூக்கினால் அடங்குகிறானா என்று பாருங்கள். இதில் உங்களைவிடத் தெரிந்தவர் வார்டில் யாரும் இல்லை, பார்த்ததை எங்களிடம் சொல்லுங்கள். அந்த சிரப் கடையில் இரண்டு வீரியத்தில் கிடைக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. ஊரில் போய் வேறு பாட்டிலை வாங்கி அதே மில்லி அளவில் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும். டாக்டர் எழுதிய அளவு எந்த பாட்டிலுக்கு என்று கேட்டு, காலி பாட்டிலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? இரண்டரை வயதுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிப் பிரயோசனமில்லை. முதல் நாளோ அன்று காலையிலோ போதும். "தொடையில் புடைப்பு இருக்குல்ல, டாக்டர் மாமா அதைச் சரி பண்ணப் போறாரு. நீ தூங்குவே. முழிக்கும்போது கொஞ்சம் வலிக்கும், அம்மா பக்கத்துல இருப்பேன்." இவ்வளவுதான். கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். வலிக்கவே வலிக்காது என்றும் சொல்லாதீர்கள். சோறு ஊட்டும்போது "சாப்பிடலைன்னா ஊசி போட்டுருவாங்க" என்று மிரட்டுகிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வந்ததே தான் செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைக்கும். எங்கள் வெள்ளைச் சேலையைப் பார்த்ததுமே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் பிள்ளை படுக்கையில் நனைப்பது, ராத்திரி அலறி எழுவது, இடுப்பை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் சில வாரம் இருக்கலாம். அடம் என்று அடிக்காதீர்கள், தானாகக் குறையும். ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்துப் பொம்மைக்கு ஊசி போட விடுங்கள். பயத்தை அவனே விளையாடித் தீர்த்துக்கொள்வான்.

திரும்பி வர, முடிந்தால் ரயிலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் நிறுத்திய ரயில், புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்த பிறகு மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் ஓடுகிறது. பஸ்ஸைவிடக் குலுக்கல் குறைவு, பிள்ளையைப் படுக்கவைத்தும் வரலாம்.

பத்தியம் என்று ஒன்றும் கிடையாது. மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பார்கள், பிடிக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும், நம் கரையில் அதற்கு மீனைவிட வேறு என்ன இருக்கிறது? முள் பார்த்து எடுத்து, காரம் குறைத்துக் கொடுங்கள். பால்சுறா புட்டு தாராளமாகக் கொடுக்கலாம். காயத்தில் மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் தடவ வேண்டாம். குளிப்பாட்டுவது எப்போது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் இறக்குவதும் மணலில் உட்காரவைப்பதும் காயம் முழுதாக ஆறிய பிறகு. விதைப்பை சில நாள் லேசாக வீங்கித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். காயம் சிவந்து சூடாகிச் சீழ் வந்தால், காய்ச்சல் 101-க்கு மேல் போனால், உடனே காட்டுங்கள். அதற்கு மதுரைக்கே போக வேண்டும் என்றில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்திலேயே காட்டலாம். அந்தத் தாளைப் படமெடுத்துக் கணவர் ஃபோனிலும் வைத்துவிடுங்கள், நம் ஊர் உப்புக் காற்றில் காகிதம் ரொம்ப நாள் தாங்காது.

இன்னும் ஒன்று. ஒரு பக்கம் சரிசெய்த பிள்ளைகளில் சிலருக்குப் பிற்பாடு மறுபக்கமும் இறங்கும். முதல் ஆபரேஷன் தவறிப்போனதாக அர்த்தமில்லை, அந்தப் பக்கத்துப் பையும் மூடாமல் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். குளிப்பாட்டும்போதும் அவன் இருமும்போதும் இடது தொடையிடுக்கையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ரிவ்யூவுக்குப் போகும்போது டாக்டரிடம் அதையும் காட்டிவிட்டு வாருங்கள்.